எழுத்துக்கூட்டி வாசித்த டீச்சர்

சென்ற மாதம் ரம்யா போன் செய்தாள். மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த பள்ளியில் இப்போது தமிழ்ப் பிரிவுக்கு அவள்தான் டீச்சர். எல்லா வகுப்பிலும் நூலகம் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறதாம்.

"டீச்சர், நம்ம ஸ்கூல்ல முதல்ல வச்சது நீங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க. ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க. எப்படி வைக்கணும், பசங்க தானா எடுத்து வாசிக்க என்ன செய்யணும், அது போதும்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன். எப்படி வைப்பது என்பது ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. திரும்ப வாசித்தபோது எனக்கே அது பொய்யாகப் பட்டது. அலமாரி, கயிறு, கிளிப் எல்லாம் அதில் இருந்தன. பிள்ளைகள் ஏன் வாசிக்க ஆரம்பித்தார்கள் என்பது மட்டும் இல்லை. அதைச் சொல்வதென்றால் நான் வாய்விட்டுப் பேசாத ஒரு வெட்கத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்கிறேன். ரம்யாவுக்கு வேண்டியதை அவள் வெட்டி எடுத்துக்கொள்ளட்டும்.

என் ஊர் பொள்ளாச்சிக்குப் பக்கம். ஆசிரியர் பயிற்சி முடிந்த கையோடு கல்யாணம், கல்யாணத்தோடு கொச்சி. கணவர் இங்கே ஒரு மசாலா மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சில வருடங்களில் எனக்கும் தமிழ்ப் பிரிவில் வேலை கிடைத்தது. மலையாளம் பேச மீன்காரிகளும் பக்கத்து வீட்டுச் சேச்சியும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். வாசிக்கத்தான் வரவில்லை. வேலை நிரந்தரமாவதற்கு ஒரு மலையாளப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. வரக்கூடிய கேள்விகளைக் கணவர் குறித்துத் தந்தார். பதில்களை அர்த்தம் பாராமல் வடிவம் வடிவமாக மனப்பாடம் செய்துகொண்டு போய் எழுதினேன். தேறிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த எழுத்துகளை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எழுத்துக் கூட்டினால் ஒரு வார்த்தை வரும். அடுத்த வார்த்தை வருவதற்குள் முதல் வார்த்தை மறந்துபோகும். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் வாசிப்பு அது. ஆனால் நான் டீச்சர். அதனால் மறைக்கப் பழகிக்கொண்டேன். சுற்றறிக்கை கைமாறி வரும்போது ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் தாமதித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம், "இந்தத் தடவை கொஞ்சம் நீளம், இல்லையா டீச்சரே?" என்பேன். அவர் அலுத்துக்கொண்டே உள்ளே இருப்பதையெல்லாம் சொல்லிவிடுவார். பஸ்ஸுக்கு நிற்கும்போது அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள முன்னால் ஏறுகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பேன். இப்படியே வருடங்கள் ஓடின. யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சூசம்மா டீச்சர் தலைமையாசிரியையாக வந்தது என் பணியின் பிற்பகுதியில். உயரமான பெண்மணி. கோபம் வந்தால் குரல் உயராது. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மாட்டுவார், அதன் பிறகுதான் பேசுவார். அவர் துடைத்து முடிப்பதற்குள் எதிரே நிற்பவர் தன் தவறை யோசித்து முடித்திருப்பார். வகுப்புக்குள் வந்தால் கரும்பலகையைப் பார்க்க மாட்டார். கடைசி பெஞ்சில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொள்வார். எங்களோடு மலையாளம் கலந்த தமிழில் பேசுவார். தமிழ்ப் பிரிவை நடத்துகிறவருக்கு அது வேண்டும் என்று வந்த புதிதிலேயே கற்றுக்கொண்டார்.

ஒரு மத்தியானம் என் வகுப்புக்கு வந்தவர் மூலையிலிருந்த கண்ணாடி அலமாரியின் முன் நின்றார். உள்ளே பள்ளி வாங்கிப்போட்ட கதைப் புத்தகங்கள் வரிசையாக இருந்தன. பூட்டியிருந்தது.

"சாவி எவிட கலா டீச்சரே?"

சாவி அலுவலக அறையில் இருக்கும் என்றேன். பியூன் தேடி எடுத்துவர நேரமாயிற்று. திறந்து ஒரு புத்தகத்தை உருவினார். ஒட்டிக்கொண்டிருந்த பக்கங்கள் பிரியும்போது சத்தம் கேட்டது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படித்தான். மூன்றாவதில் பூஞ்சை பிடித்திருந்தது. கண்ணாடியைக் கழற்றினார். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒருமுறையாவது "நல்ல புத்தகங்களை வாசிக்க வேண்டும்" என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

"இதுக்குப் பூட்டு வேண்டாம்" என்றார். "கதவும் வேண்டாம். அடுத்த மாசம் நான் வரும்போ ஒவ்வொரு புஸ்தகமும் அழுக்காயிருக்கணும். மதியா?"

மதியா என்றால் போதுமா என்று அர்த்தம். அவர் அதைச் சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

வேலையை ஆரம்பித்தோம். ரம்யா கேட்ட பகுதி இதுதான். முதலில் அலமாரியின் கதவுகளைக் கழற்றினோம். அப்படியும் மேல்தட்டு பிள்ளைகளுக்கு எட்டவில்லை. அலமாரியையே படுக்கப்போட்டோம். எல்லாம் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. எதிரெதிர்ச் சுவர்களில் ஆணி அடித்துக் கயிறு கட்டித் துணி கிளிப்பால் மெல்லிய புத்தகங்களைத் தொங்கவிட்டோம். முதுகைக் காட்டி அடுக்கிய புத்தகத்தைப் பிள்ளைகள் எடுப்பதில்லை, அட்டைப்படம் தெரிந்தால் எடுக்கிறார்கள். இது எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது. மழைக்காலத்தில் மட்டாஞ்சேரியில் சுவரே வியர்க்கும் என்பதால் கயிற்றைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கட்ட வேண்டும். வெயில் அடிக்கும் நாளில் எல்லாவற்றையும் வராந்தாவில் விரித்துவைத்துப் பக்கங்களைப் புரட்டிவிட வேண்டும். அதைப் பிள்ளைகள் செய்தால் புரட்டும்போதே பாதி வாசித்துவிடுகிறார்கள்.

எது யாருக்கு என்று பிரிப்பது அடுத்த வேலை. வகுப்பு பார்த்தும் பிரிக்கவில்லை, வயது பார்த்தும் பிரிக்கவில்லை. ஒரு பக்கத்தில் எவ்வளவு எழுத்து இருக்கிறது என்று பார்த்து மூன்று நிற நூல் கட்டினோம். நிறத்துக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் ஒன்று உயர்ந்ததாகவும் ஒன்று தாழ்ந்ததாகவும் ஆகிவிடும். பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுக்க ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன். புத்தகத்தை நடுவில் திற. ஒரு பக்கம் வாசி. தெரியாத வார்த்தை வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு. பக்கம் முடிவதற்குள் கை முழுவதும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். மதியச் சோற்றுக்குப் பிறகு கொஞ்ச நேரம் எல்லாரும் வாசிப்பார்கள். என்ன வாசித்தாய், என்ன நீதி என்று யாரும் கேட்கக் கூடாது. அந்த நேரத்தில் நான் மேஜையில் உட்கார்ந்து கட்டுரை நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பேன்.

பிள்ளைகள் எடுத்தார்கள். படம் பார்த்தார்கள், வைத்தார்கள், அடுத்ததை எடுத்தார்கள். புத்தகங்கள் அழுக்காயின. சூசம்மா டீச்சர் திருப்தியாகத்தான் போனார். ஆனால் என் மனசுக்குத் தெரிந்தது, இது வாசிப்பு இல்லை. மணி அடித்தால் பாதி வாக்கியத்தில் மூடிவிடுகிறார்கள். வாசிக்கிற பிள்ளை அப்படி மூடாது.

அதிலும் ஒருத்தி என்னைக் குழப்பிக்கொண்டே இருந்தாள். பெயர் இசக்கி. தென்காசிப் பக்கத்துக் குடும்பம், பள்ளுருத்தியில் வாடகை அறையில் இருந்தார்கள். அப்பா வல்லார்பாடத்தில் கட்டட வேலை. அம்மா பெயர் முப்பிடாதி, மார்க்கெட்டில் காய்கறி விற்றாள். இசக்கி பிறந்ததே கொச்சியில்தான். வாசிப்பு நேரத்தில் அவளைப் போல அசையாமல் உட்காருகிறவர்கள் யாரும் இல்லை. கண்கள் வரிவரியாக ஓடும். சரியான நேரத்தில் பக்கத்தைத் திருப்புவாள். நிறைய எழுத்து உள்ள புத்தகமாகவே எடுப்பாள். ஆனால் அவள் விரல் ஒன்றுகூட மடங்கி நான் பார்த்ததில்லை. நாலாம் வகுப்பில் எல்லா வார்த்தையும் தெரிந்த பிள்ளை என்று ஒன்று கிடையாது. ஒருநாள் பக்கத்தில் போய் நின்றபோது பார்த்தேன், படமே இல்லாத அந்தப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

நான் நகர்ந்துவிட்டேன். தெரியாததை மறைக்க ஒரு பிள்ளை எவ்வளவு பாடுபடும் என்பதை அந்தப் பள்ளியில் என்னைவிட யார் அறிவார்?

அந்த வாரமே ஒரு சாயங்காலம் நல்ல மழை. பஸ் ஸ்டாப்பில் நானும் இசக்கியும் மட்டும் நின்றோம், எனக்கும் பள்ளுருத்தி வழிதான். ஒரு பஸ் வந்தது. நான் குடையை மடக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"டீச்சர், அது பள்ளுருத்தி போகாது. தோப்பும்படி வரைக்கும்தான்" என்றாள் இசக்கி.

"எப்படித் தெரியும்?"

"எழுதியிருக்கே."

போர்டு முழுக்க மலையாளம். அடுத்த பஸ்ஸின் போர்டையும் வாசித்தாள். எதிரே இருந்த நகைக்கடை விளம்பரத்தையும், அதன் கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் வாசித்தாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லையாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு டிவி பார்த்து, கடை போர்டு பார்த்து, தானாக வந்ததாம். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்கு அது தெரியலையா டீச்சர்?"

"கண்ணாடி எடுத்துட்டு வரல" என்றேன்.

கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சூசம்மா டீச்சரிடம் போய், என் வகுப்பு நூலகத்தில் மலையாளப் புத்தகங்களும் வேண்டும் என்று கேட்டேன். இசக்கியின் பெயரைச் சொல்லாமல், பிள்ளைகளில் பலருக்கு மலையாளம்தான் சரளமாக வருகிறது, எந்த எழுத்திலாவது வாசிப்பு ருசி வரட்டும் என்றேன்.

"தமிழ் டிவிஷன்ல மலையாளப் புஸ்தகம். பேரன்ட்ஸ் சும்மா இருக்குமோ?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "எடுத்துக்கோ. யார் கேட்டாலும் என்கிட்ட அனுப்பு."

மலையாளப் புத்தகங்கள் கயிற்றில் ஏறிய அன்றைக்கே இசக்கி ஒன்றை எடுத்தாள். மணி அடித்தது தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் ஒன்று மடங்கியது. பின்னால் இன்னொன்று மடங்கியது. வகுப்பில் நான் பார்த்த முதல் உண்மையான வாசிப்பு அது. இன்னும் நாலைந்து பிள்ளைகள் அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.

பத்து நாளில் அவள் அப்பா வந்துவிட்டார். சிமென்ட் ஒட்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வராந்தாவில் நின்றார்.

"டீச்சர், மலையாளம் படிக்கணும்னா பக்கத்திலேயே ஸ்கூல் இருக்கு. இவ்வளவு தூரம் பஸ் ஏத்தி இங்க அனுப்புறது தமிழ் படிக்கத்தான். நாளைக்கு ஊருக்குப் போயி நின்னா இந்தப் பிள்ளைக்கு ஒரு அட்ரஸ் வாசிக்கத் தெரியாது. நேத்து பேப்பர் குடுத்துப் பாத்தேன். ஒரு வரி வரல."

"கொஞ்சம் டைம் குடுங்க" என்றேன்.

"முழுப்பரீட்சை வரைக்கும் பாப்பேன். வரலன்னா ஊர்ல எங்க அண்ணன் வீட்டுல விட்டுருவேன். அங்க ஸ்கூல்ல சேத்துக்குவாங்க. அவ அம்மைக்கு மனசு கேக்கல. அதுக்கு நான் என்ன பண்ண?"

பின்னால் கதவோரம் இசக்கி நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் இன்னும் மோசமானாள். நான் தமிழ்ப் புத்தகத்தோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தால் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்பாள். தனியாக அழைத்தால் வயிற்றுவலி என்பாள். எல்லாரையும் போல வாசிக்கிற பிள்ளை என்று வகுப்பில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டினால் அது போய்விடும். நான் கெஞ்சினேன், பேனா பரிசு தருவதாகச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. முழுப்பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த ஆய்வு வந்தது. வகுப்பறை நூலகம் என்று கேள்விப்பட்டு மேலதிகாரி ஒருவர் பார்க்க வந்தார். நல்ல மனிதர். சிரித்த முகம். படுக்கவைத்த அலமாரியைப் பார்த்துப் பாராட்டினார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சூசம்மா டீச்சர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அதிகாரி கயிற்றிலிருந்து ஒரு மலையாளப் புத்தகத்தை எடுத்தார்.

"தமிழும் மலையாளமும் ஒரே கயிற்றில். கொள்ளாம்" என்று மெச்சினார். பிறகு அதை என்னிடம் நீட்டினார். "டீச்சர் ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டு. குட்டிகள் கேக்கட்டே."

மாதிரி வாசிப்பு என்பது வழக்கமாகக் கேட்கிறதுதான். அவர் என்னைச் சோதிக்கவில்லை. கண்ணாடியைச் சொல்ல முடியாது. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தபோது கண்ணில் பட்டது இசக்கி. முன் பெஞ்சில் உட்கார்ந்து, பஸ் ஸ்டாப்பில் பார்த்த அதே பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த டீச்சர் இப்போது என்ன சொல்லப் போகிறாள் என்று அவள் ஒருத்திதான் அந்த அறையில் காத்திருந்தாள்.

நான் வாசிக்க ஆரம்பித்தேன்.

ஒரு ஊரில் ஒரு ஆமை இருந்தது என்பதுதான் முதல் வரி. அதற்கே எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. முதல் எழுத்தைச் சொன்னேன், இரண்டாவதைச் சொன்னேன், சேர்த்தேன். கூட்டெழுத்து ஒன்று வந்தது, தவறாகச் சொன்னேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் திருத்தினான். திரும்பச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். டீச்சர் வேடிக்கை காட்டுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றது. எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. விரலை வரியின் கீழே வைத்துக்கொண்டேன். அதிகாரி மெல்லக் கையை நீட்டினார்.

"மதி டீச்சரே, மதி. சாரமில்ல" என்றார். பரவாயில்லை என்று. அவர் முகம் சிவந்திருந்தது. எனக்காக அவர் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு மலையாளம் வாசிக்க வராது சார். இவ்வளவுதான் வரும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். புத்தகத்தைக் கயிற்றில் மாட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்து நூலகம் நன்றாயிருக்கிறது என்று இன்னொருமுறை சொல்லிவிட்டுப் போனார். சூசம்மா டீச்சர் அவர் பின்னால் எழுந்து போனார். நான் மணி அடிக்கும் வரை பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையில் கணக்கு எழுதினேன்.

சாயங்காலம் சூசம்மா டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடி துடைப்பதைப் பார்க்கத் தயாராகத்தான் போனேன். அவர் துடைக்கவில்லை. சாயா வரவழைத்திருந்தார்.

"எனிக்கு அறியாம், தெரியும். வந்த முதல் மாசமே தெரியும்" என்றார். "சர்க்குலர் வாசிக்கிற ஆளோட கண்ணு பேப்பர்ல ஓடும். உன் கண்ணு ஒரே இடத்தில நிக்கும்."

"ஏன் டீச்சர் சொல்லல?"

"சொன்னா நீ லீவு எழுதிக் கொடுத்துட்டுப் போயிருவே. எனிக்கு வேற தமிழ் டீச்சர் கிடைக்காது."

அவ்வளவுதான் சொன்னார். ஆறுதல் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது என்று இத்தனை காலம் நான் ஆடிய நாடகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது வகுப்பில் நடந்ததைவிட அதிகமாக என்னைக் கூசவைத்தது. சாயாவை முழுவதும் குடிக்கவில்லை.

செய்தி பரவாமல் இருக்குமா? மறுநாள் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர், "அப்போ அந்தப் பரீட்சை எப்படிப் பாஸ் ஆச்சு?" என்று என்னைப் பார்க்காமல் இன்னொருவரிடம் கேட்டார். அதற்குப் பிறகு வெகுநாள் நான் வகுப்பிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். காரணம் இதுதானா என்று எனக்குத் தெரியாது. இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆய்வுக்கு மறுநாள் மதியம், சோற்றுக்குப் பிறகு வாசிப்பு நேரம். நோட்டுத் திருத்தும் மனநிலை எனக்கு இல்லை. கயிற்றில் அந்த ஆமைப் புத்தகம் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் பார்க்க எழுந்து போய் அதை எடுத்துக்கொண்டு வந்து, மேஜைக்குப் போகாமல் தரையில் உட்கார்ந்தேன். இனி மறைக்க என்ன இருக்கிறது என்ற விரக்தியில் செய்தேன், துணிச்சலில் இல்லை. விரலை வைத்து முணுமுணுத்து வாசித்தேன். தெரியாத எழுத்து வந்தபோது ஒரு விரலை மடக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். இசக்கி. அவள் கையில் தமிழ்ப் புத்தகம் இருந்தது. எப்போதும் எடுக்கிற கனத்த புத்தகம் இல்லை, ஒரு பக்கத்துக்கு ஒரே வரி உள்ளது, வகுப்பில் யாரும் எடுக்காதது. என்னைப் பார்க்கவில்லை. என்னைப் போலவே விரலை வரியின் கீழே வைத்தாள்.

"கா... க்... கா" என்றாள். "காக்கா."

நான் திரும்பவில்லை. திரும்பினால் எழுந்து போய்விடுவாள் என்று பயமாக இருந்தது. என் ஆமையோடு நான் போராடினேன், அவள் காக்கையோடு போராடினாள். ஒரு இடத்தில் நான் நின்றுவிட்டேன். அவள் எட்டிப் பார்த்து, "அது 'ஞ்ஞ' டீச்சர்" என்றாள். இன்னொரு இடத்தில் அவள் நின்றாள். நான் சொன்னேன். மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து அது தினமும் நடந்தது. நான் தரையில் உட்கார்ந்து வாசிப்பதைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் தரைக்கு வந்தார்கள். வாய்விட்டுத் தப்பாக வாசிக்கலாம் என்பது அந்த வகுப்பில் வழக்கமாகிப்போனது. ஒருவன் நூல் நிறம் பார்க்காமல் சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தை எடுத்து, "இது நல்லாருக்கு" என்று இன்னொருவனுக்குக் கொடுத்தான். பாதி வாக்கியத்தில் மூடுவது நின்றது. சிலர் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் பார்க்காததுபோல் இருந்தேன். ரம்யா, நீ கேட்டாயே, என்ன செய்தால் தானாக வாசிப்பார்கள் என்று. என் வகுப்பில் நடந்தது இதுதான். இதை நான் திட்டமிட்டுச் செய்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குத் தலை குனிந்துவிடுகிறது. அவமானப்பட்டு, வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன்.

முழுப்பரீட்சைக்குச் சற்று முன்னால் இசக்கி ஒருநாள் காலையில் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், ஊர்லேர்ந்து கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. அப்பா என்னை வாசிக்கச் சொன்னாரு."

"வாசிச்சியா?"

"மெதுவா வாசிச்சேன். பேரெல்லாம் நிறைய இருந்துச்சு. ஒரு பேரு தப்பா சொல்லிட்டேன், அப்பா சிரிச்சாரு. அப்புறம் தாத்தா பேரு வந்துச்சு. அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் சாப்பிட்டோம்."

அண்ணன் வீட்டுப் பேச்சு அதோடு நின்றுபோனது. அவள் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தாள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள் என்று கேள்வி.

என் வெட்கம் அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. பணியின் கடைசி நாள் வரை, மலையாளப் பிரிவு டீச்சர்கள் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். வாசிப்பு கொஞ்சம் முன்னேறியது. இன்றைக்கும் செய்தித்தாளின் முதல் பக்கத்தை முடிக்க எனக்கு ஒரு காலை நேரம் வேண்டும். பேத்தி பக்கத்தில் இருந்தால் எடுக்க மாட்டேன்.

அந்த வருடம் கோடை விடுமுறைக்கு முந்தின நாள், பிள்ளைகள் விடுமுறைக்குப் புத்தகம் எடுத்துப்போகலாம் என்று சொல்லியிருந்தேன். இசக்கிக்குக் காய்ச்சல். அவளுக்காக அம்மா முப்பிடாதி வந்தாள். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தாள், தோளில் பெரிய பை. மகள் சொல்லியனுப்பிய புத்தகங்களை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றாள், போகவில்லை.

"டீச்சர், இன்னொண்ணு கிடைக்குமா? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. சின்னப் பிள்ளை. எழுத்து பெருசா இருந்தா நல்லது. தமிழ்ல."

நான் கயிற்றிலிருந்து இரண்டு புத்தகம் எடுத்துக் கொடுத்தேன். அவள் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, பைக்குள்ளிருந்த முருங்கைக்காய்க்கும் கீரைக்கும் அடியில் தள்ளி வைத்தாள். இரண்டு எட்டு போய்விட்டுத் திரும்பினாள்.

"இது எனக்கு இல்ல டீச்சர்."

என் கையில் விடுமுறைக்கு நான் எடுத்துவைத்திருந்த மலையாளப் புத்தகம் இருந்தது, பெரிய எழுத்து, பக்கம் முழுவதும் யானைப் படம். அதை அவளிடம் காட்டினேன்.

"இது எனக்குத்தான்" என்றேன்.

முப்பிடாதி யானையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பையை இறக்கித் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீரைக்கட்டை விலக்கி ஒரு புத்தகத்தை வெளியே எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்.

"இது என்ன எழுத்து டீச்சர்?"